காமிரா வாங்கிய கதை

காமிரா ஒன்று வாங்குவது கட்டுரை எழுதுதற்குரிய பொருளோ என்று நமது சஞ்சிகையை வாசிக்கும் அன்பர்கள் வினவக்கூடும். வினவுதல் நியாயமே. கைப்பேசி இல்லாத மாணவரை நமது கல்லூரியில் காண்டல் அரிது. காமிரா இல்லாத கைப்பேசியைக் காண்டல் அதனினும் அரிது. நூலகப் படிக்கட்டிலும் மரத்தடியிலும் ஒரு நாளில் எடுக்கப்படும் படங்களை எண்ணப் புகுந்தால், எண்ணியவர் அவ்வாண்டுப் பரீட்சையில் தோற்பது திண்ணம். அங்ஙனமிருக்க, அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் கற்பித்து இரண்டாண்டுகளாகச் சேர்த்த பொருள் ஏறக்குறைய முழுவதையும் யான் ஒரு பழைய காமிராவுக்குக் கொடுத்தேனென்றால், அதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவளே ஆவேன்.

என் தாயைப் பெற்ற பாட்டனாரை எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்புச்சி என்போம். அவருக்கு வயது 74. கோவையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், காவிரியும் பவானியாறும் கூடும் பவானி நகருக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர் அவரது ஊர். தமது பதினான்காம் வயதில் குழித்தறியில் இறங்கியவர் சென்ற ஆண்டு வரை ஜமக்காளம் நெய்தே குடும்பத்தைக் காத்தார். அவ்வூர்த் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிச் சிறுவர் அமர்வதற்கு விரிக்கும் சிவப்பும் பச்சையுமான நெடிய ஜமக்காளம் அவர் கைப்பட நெய்ததே. நீண்ட பிரசங்கங்களின்போது யான் அதன்மேல் உறங்கியதும் உண்டு.

பவானி ஜமக்காளம் 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஜமக்காளத்தைக் கைத்தறியிலன்றி நெய்தல் ஆகாதென்று 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் கூறுகிறது. ஆயினும் சட்டத்துக்கும் சந்தைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. கூலியும் போதவில்லை, முழங்காலும் மடங்கவில்லை என்றாயினபின், தறியைப் பிரித்து, குழியை மண்ணிட்டு மூடி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்பே அவ்வறைக்குத் தளக்கல் பதித்துவிடுவதென்று மாமா முடிவு செய்தார். அப்புச்சி மறுத்தாரல்லர். "ஏறி எறங்க முடியலீங்க, மூடிப்போடுங்க" என்று பொதுவாக எல்லாருக்கும் சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவலானார்.

தறியில் அமர்ந்த நிலையில் அவருக்கு ஒரு படமேனும் இல்லை என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. பண்டிகைகளிலும் திருமணங்களிலும் எடுத்த படங்கள் பலவுள. அவற்றிலெல்லாம் அவர் வெள்ளைச் சட்டை அணிந்து, யாரோ குற்றம் சாட்டினாற்போல விறைத்து நிற்கிறார். ஆதார் அட்டையிலும் ஒன்று உளது. அதனைக் குறித்து யாதும் சொல்லாதொழிதல் நன்று.

அக்டோபர் மாத விடுமுறையில் என் கைப்பேசியைக் கொண்டே முயன்றேன். தறி அறைக்கு ஒரே ஒரு சிறு சன்னல். ஒரு மஞ்சள் விளக்கு. எடுத்த படங்களைப் பார்த்தபோது அப்புச்சியின் முகம் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாயிருந்தது. அறுபதாண்டு உழைப்பின் சுருக்கங்கள் எங்கே போயினவோ! ஓடவேண்டிய நாடா ஒரு படத்தில் இல்லவே இல்லை. மற்றொன்றில் அவரது வலக்கை இரண்டாயிருந்தது. இஃதென்ன விந்தை என்று விசாரித்தபின் விளங்கிற்று. மங்கிய ஒளியில் கைப்பேசி ஒரு படம் எடுத்து அமைவதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றை இசைத்து, கணக்கிட்டு, ஒரே படமாக நம் கையில் தருகிறது. அசையாப் பொருளுக்கு அஃது நல்ல உபாயம். அசைவதே தொழிலாகக் கொண்ட தறிக்கு ஆகுமோ? சில கைப்பேசிகளில் இக்கணக்கை நிறுத்திவைத்து நாமே நேரத்தை அமைக்கும் வசதி உண்டென்பர். எனது கைப்பேசி அத்தகைய குலத்திற் பிறந்ததன்று.

ஆகவே காமிரா. கையிருப்பு 22,400 ரூபாய். அம்மா அத்தொகையை அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கென்று மனத்துள் ஒதுக்கி வைத்திருந்தார். "போன்ல அம்பது மெகாபிக்ஸல் இருக்குதுன்னு நீதானே சொல்லி வாங்குனே? இப்ப இருபத்துநாலு மெகாபிக்ஸலுக்கு இன்னொண்ணு வேணுமா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. வேண்டாதபோது விற்றுக் கட்டணம் செலுத்துவேன் என்று வாக்களித்தபின்னரே இசைந்தார். அவ்வாக்கு இன்றும் என் தலைமேல் நிற்கிறது.

அம்மாவின் கேள்விக்கு விடை தேடியே யான் பலவற்றைக் கற்றேன் எனலாம். எண்முறைக் காமிராவின் முதல் மாதிரியை 1975 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் என்பார் இயற்றினார். அதன் எடை ஏறக்குறைய 3.6 கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையிற் பதிய 23 விநாடி பிடித்தது. அப்படத்தின் புள்ளிகளோ நீளத்தில் 100, அகலத்தில் 100, ஆகப் பதினாயிரம். இன்றைய கணக்கில் மெகாபிக்ஸலில் நூறில் ஒரு பங்கு. படச்சுருள் விற்றே உலகளந்த அந்நிறுவனம், தன் வீட்டிற் பிறந்த பிள்ளையைத் தானே வளர்க்கத் தயங்கி, 2012 ஆம் ஆண்டில் கடன் தீர்க்க மாட்டாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அது நிற்க. பதினாயிரத்திலிருந்து பல கோடிக்கு ஏறிய அப்புள்ளிகளின் எண்ணிக்கையே காமிராவின் தரம் என்று கடைக்காரரும் நாமும் நம்பிவிட்டோம். பன்னிரண்டு அங்குல நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள ஒரு படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் செவ்வையாக அச்சிடுவதற்கு வேண்டியன 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகளே. அதாவது 9 மெகாபிக்ஸலுக்கும் குறைவு. எஞ்சியவை எல்லாம் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிடுவதற்குப் பயன்படும்.

புள்ளிகளின் எண்ணிக்கையினும் அவை விழும் களத்தின் பரப்பே பெரிதென்பதை யான் மெல்ல அறிந்தேன். யான் பின்னர் வாங்கிய காமிராவின் சென்சார் நீளம் 23.5 மில்லிமீட்டர், அகலம் 15.6 மில்லிமீட்டர், சாதாரணக் கைப்பேசியின் சென்சாரைவிடப் பதின்மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. ஒரே மழையில் அண்டாவையும் செம்பையும் முற்றத்தில் வைத்தால் எதில் நீர் மிகும் என்பதை அமுச்சியே சொல்லிவிடுவார். மங்கிய அறையில் ஒளியே நீர்.

ஆயினும் எதனை வாங்குவது என்னும் ஐயம் தீரவில்லை. நண்பர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காமிராவைச் சொன்னார். இரண்டு காமிராவைச் சொன்னவரும் உண்டு. விடுதியில் ஒரு தோழி கேனன் கட்சி. மற்றொருத்தி நிக்கான் கட்சி. சைவ வைணவ வாதங்களைப் பாடத்திற் படித்த எனக்கு அவர்தம் உரையாடல் புதிதாகத் தோன்றவில்லை. பழைய காமிராக்களை விற்கும் கடைகளைத் தேடி நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைகளில் நகரத்துள் அலைந்தேன்.

அவ்வாறு அலைந்த ஒரு நாள் வெரைட்டி ஹால் சாலை வழியே நடந்தேன். அப்பெயரைச் சொல்லித் தினமும் பேருந்து ஏறி இறங்குவோருள் எத்தனை பேர் அதன் வரலாற்றை நினைப்பர்? சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கோயமுத்தூர்க் கிறிஸ்தவர், 1883 ஆம் ஆண்டிற் பிறந்தவர், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்து வந்தார். 1905 ஆம் ஆண்டில், தென்னாட்டிற் படம் காட்டி வந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் தமது பொருள்களை விற்றுவிட்டு ஊர் திரும்ப எண்ணியபோது, அவரிடமிருந்து படக்கருவியையும், இயேசுநாதர் சரித்திரம் உள்ளிட்ட சில படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். ஊரூராய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டி, பின்னர் 1914 ஆம் ஆண்டில் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையைக் கட்டினார். அவர் 1942 ஆம் ஆண்டிற் காலமானார். கொட்டகை பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியது. சாலைக்கு மாத்திரம் பழம்பெயர் நிலைத்தது. தாராபுரத்திற் பிறந்த தியடோர் பாஸ்கரன் அவர்கள் தம் சினிமா ஆராய்ச்சி நூல்களில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மாதச் சம்பளத்தை விட்டு, பிறர் பயன்படுத்திய ஒரு கருவியை நம்பி இறங்கிய அம்மனிதரை நினைத்தபோது எனக்குச் சிறிது துணிவு பிறந்தது. அவர் வாங்கியதும் பழைய கருவிதான் அன்றோ! அவர் அதனைப் பெட்டியின் அழகுக்காக வாங்கினார் என்று எண்ண இடமில்லை. யாருக்கு, எதனை, எங்கே காட்டப்போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதற்கடையில் இருந்த இளைஞர் ஒரு காமிராவை எடுத்துவைத்து, "பத்தாயிரம் படந்தாங்க ஓடியிருக்குது, புதுசு மாதிரி" என்றார். எனது அட்டையைச் செருகி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தேன். காமிராவின் திரை எத்தனை முறை திறந்து மூடியது என்னும் எண், எடுக்கும் படத்துள்ளேயே மறைவாகப் பதிந்திருக்கும். கணினி அறையில் தோழி ஒருத்தி அதனை வெளிப்படுத்திக் காட்டினாள். 91,000க்கு மேல். அத்தகைய காமிராவின் திரைக்கு அதனைச் செய்தோர் ஒரு இலட்சம் முறையே ஆயுள் குறித்துள்ளனர். அக்கடைக்கு யான் மீண்டும் செல்லவில்லை.

இரண்டாங்கடையில் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் விலை கூறவில்லை; மாடலும் கூறவில்லை. "எதைப் படம் எடுக்கப் போறீங்க அம்மிணி?" என்று கேட்டார். ஒரு மாத காலம் அலைந்ததில் அக்கேள்வியை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவரே. குழித்தறி என்றேன். "உள்ள வெளிச்சம் இருக்குமா? ரூம் எத்தனை அடி?" என்றார். அதன்பின் ஒரு மணி நேரம் அவர் கூறியவையே எனக்குப் பாடமாயின.

லென்ஸின் வாய் எவ்வளவு அகலத் திறக்கும் என்பதை எஃப் என்னும் எழுத்தோடு ஓர் எண்ணால் குறிப்பர். எண் குறையக் குறைய வாய் அகலும். நமது மதிப்பெண் பட்டியலுக்கு நேர்மாறான ஏற்பாடு. புதுக் காமிராவோடு பெட்டியில் வரும் 18-55 லென்ஸை முழுதும் நீட்டினால் அதன் வாய் எஃப் 5.6 அளவே திறக்கும். எஃப் 1.8 லென்ஸோ அதனினும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். ஆகவே புதுக் காமிரா, பெட்டி லென்ஸ் என்னும் ஆசையை விட்டு, பழைய காமிரா, நல்ல லென்ஸ் என்று தீர்மானித்தேன். நிக்கான் டி3300 என்னும் வகை 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வரிசையின் கடைசியாகிய டி3500 வந்தது 2018 ஆம் ஆண்டில். அதன்பின் உலகம் கண்ணாடியில்லாக் காமிராக்களின் பக்கம் திரும்பிவிட்டமையின், இப்பழைய வகைகள் என் போன்றோர் கைக்கெட்டும் விலைக்கு இறங்கின.

கடையில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடந்தது. எஃப் 1.8. கை நீட்டினேன், முதியவர் தடுத்தார். அது பழைய டி வகை. அவ்வகை லென்ஸைக் கூர்மைப்படுத்தும் மோட்டார் காமிராவுக்குள் இருத்தல் வேண்டும். டி3300 போன்ற எளிய காமிராக்களில் அஃது இல்லை. பொருத்தினால் பொருந்தும், படமும் எடுக்கும். ஆனால் தானாகக் கூர்மை காணாது, கையாலேயே திருகிக்கொண்டிருக்க வேண்டும். அன்றியும், முழு அளவினும் சிறிய இச்சென்சாரில் 50 என்பது 75 போல் நெருக்கிக் காட்டும். சிறிய அறையில் முதுகைச் சுவரோடு ஒட்டினாலும் அப்புச்சியின் முகமும் கையும் மாத்திரமே அடங்கும், தறி அடங்காது. ஆதலின் மோட்டார் தன்னுள்ளே கொண்ட 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸைத் தேடி எடுத்தார். அதனூடே கைவிளக்கைச் செலுத்தி, உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். இல்லை. திரை எண்ணையும் தாமே காட்டினார்: 21,000க்குச் சற்று மேல். உடல் 13,000, லென்ஸ் 7,500, அட்டை 600. ஆக 21,100.

பில் எழுதும்போது அவருக்குப் பின்னால் அலமாரியில் 'இந்து' என்று எழுதிய வெறும் படச்சுருள் டப்பா ஒன்றைக் கண்டேன். நமக்கு அயலேயுள்ள உதகையில் 1960 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1967 ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசாங்க ஆலையின் சுருள் அது. அவ்வாலை இப்போது இல்லை. "ஒரு ரோல்ல முப்பத்தாறு படம். ஒவ்வொண்ணுக்கும் யோசிப்போம்" என்றார் முதியவர். பிறகு, "நீங்களும் முப்பத்தாறுதான்னு நெனச்சுக்குங்க" என்றும் சொன்னார்.

வீட்டில் அமுச்சி காமிராவைக் கண்டதும், ஈரம் படாதிருக்க அரிசிப் பானைக்குள் வைக்கும்படி கூறினார். அவர் மனம் நோகாவண்ணம் தவிடு புகுந்துவிடும் என்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று.

டிசம்பர் இரண்டாம் வாரம். தறியில் கடைசிப் பாவு. அதில் இரண்டு முழம் மீதியிருந்தது. அப்புச்சி வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார்! கெஞ்சிக் கழற்றச் செய்து, வழக்கமான பனியனும் துண்டுமாகக் குழியில் இறங்கச் செய்தோம். யான் கற்றதெல்லாம் காட்டும் ஆவலோடு, திரையின் வேகத்தை விநாடியில் 500இல் ஒரு பங்காக வைத்தேன். அவ்வேகத்துக்கு ஒளி போதாமையால் ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறனை 6400க்கு ஏற்ற நேர்ந்தது. படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் எழுந்தன. ஆயினும் நாடா பாவின் நடுவில் தெள்ளத்தெளிவாக நின்றது. வென்றுவிட்டோம் என்று எண்ணி அப்புச்சியிடம் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "தறி நின்னு போன மாதிரி இருக்குதே அம்மிணி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் கூறியது உண்மை. கை உயர்ந்து நிற்கிறது, நாடா நடுவில் நிற்கிறது, மிதியின்மேல் கால் நிற்கிறது. விலைக்கு வைத்த பொம்மைத் தறிக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. அடுத்த வாரம் நிற்கப்போகும் தறியை ஒரு வாரம் முன்னரே யான் நிறுத்திவிட்டேன்.

பின்னர் வேகத்தை 30இல் ஒரு பங்காகக் குறைத்தேன். ஐ.எஸ்.ஓ. 400 போதுமாயிற்று. கை நடுங்காதிருக்கும்பொருட்டுக் காமிராவை நூல் மூட்டையின்மேல் வைத்து, மூச்சை அடக்கி எடுத்தேன். பெரும்பாலானவை பாழ். ஒன்றில் அப்புச்சியின் முகமும் கலங்கிற்று. ஒன்றில் மாமா கதவைத் திறந்துவிட்டார். இருபதுக்கு மேல் எடுத்தபின் ஒன்று வாய்த்தது: முகம் அசைவற்றுத் தெளிவாயிருந்தது, கன்னத்துக் குழியும் நெற்றிக் கோடும் உட்பட; கை மாத்திரம் சற்றே கலைந்திருந்தது; நாடாவோ பாவின்மேல் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. அகலவாய் லென்ஸை யான் வாங்கியது நாடாவை நிறுத்துதற்கு. அஃது உதவியது ஓடவிடுவதற்கு. கடையில் இதனை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிராது.

"இப்ப ஓடுது" என்றார் அப்புச்சி.

மறுவாரம் தறியைப் பிரித்தனர். மரங்களை மாமா கொட்டகையில் அடுக்கினார். இரண்டு வண்டி மண் குழிக்குள் போயிற்று. அக்காட்சியையும் எடுக்கலாமென்று காமிராவோடு நின்றேன், எடுக்கவில்லை. அப்புச்சி அன்று பவானிக்குப் போய்விட்டு இருட்டியபின் திரும்பினார்.

எஞ்சிய பணத்தில் அப்படத்தைப் பன்னிரண்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலமாக அச்சிட்டு, சட்டமிடாமல் கிறிஸ்துமஸ் அன்று கொண்டு கொடுத்தேன். தளக்கல் பதித்த புது அறையின் சன்னலோரம் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் அதனைப் பார்த்தார். தம் முகத்தைப் பார்ப்பார் என்று யான் எதிர்பார்த்தேன். அவர் பார்த்தது துணியை. படத்தின் இடப்பக்க ஓரத்தில், சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் கூடுமிடத்தில் விரல் வைத்தார்.

"இங்க பாரு, ஒரு எழை அறுந்திருக்குது. நெய்யறப்பத் தெரியாமப் போச்சே."

அந்த ஜமக்காளத்தை முன்னரே சங்கத்திற் கொடுத்தாயிற்று. அமுச்சி சாப்பிட அழைத்தார். நாங்கள் எல்லாரும் எழுந்தோம். அவர் மாத்திரம் அமர்ந்தபடியே, நகத்தின் நுனியால் அந்த இழையைக் காகிதத்தின்மேல் மெல்ல நெருடிக்கொண்டிருந்தார்.